குன்வோர் பதில் சொல்லாமல் போன கேள்வி

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் மாரிட் ஓஸ்பெரி அவர்களே, தெற்கிலிருந்து இரவு ரயிலில் வந்து சேர்ந்திருக்கும் பேராசிரியர் சிகுர்ட் ஆல்ம்லோவ் அவர்களே, செவிலியர் கல்வித் துறைத் தோழர்களே, மாணவர்களே, முன்வரிசையில் கம்பளிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் காட்டுப்பக்கத்துப் பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

இன்று, இந்த நேரத்தில், இந்த அரங்கில் நடக்க வேண்டியது இரங்கல் கூட்டமா? இல்லை. நம் குன்வோர் பிரென்லுண்ட் தம் ஆய்வேட்டை ஊரறிய நிலைநாட்ட வேண்டிய நாள் இது. பேராசிரியர் ஆல்ம்லோவ் எதிர்வாதியாக எழுந்து கேள்வி கேட்க வேண்டிய நாள். குன்வோர் நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய ஆய்வு வழிகாட்டியான நான், ரூனே, நிற்கிறேன். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நாம் இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். பட்டத்தைச் சொல்லி அழைத்தால் குன்வோர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் இன்று ஒரு நாளாவது முனைவர் குன்வோர் பிரென்லுண்ட் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொல்ல முடியாது. நேரில் நின்று ஆய்வை நிலைநாட்டாதவருக்குப் பட்டம் இல்லை. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. விரிவுரையாளராக வந்தார்; விரிவுரையாளராகவே போய்விட்டார்.

எப்போது வந்தார்? இங்கே முகாமிட்டிருந்த ராணுவப் படைப்பிரிவு இந்த ஊரை விட்டுப் போய், அதன் கட்டடங்களில் நம் கல்லூரி தொடங்கிய முதல் குளிர்காலத்தில் வந்தார். துப்பாக்கி எண்ணெய் வாடை போகாத அறைகளில் காயத்துக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் பேராசிரியர்கள் செவ்வாய்க்கிழமை ரயிலில் வருவார்கள், வியாழக்கிழமை ரயிலில் போய்விடுவார்கள். இன்றும் அப்படித்தான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை யார் இருந்தார்? குன்வோர் இருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விளக்கணைந்த கட்டடத்தில் யார் இருந்தார்? குன்வோர் இருந்தார். காலை ஒன்பதரைக்குக் காபி போட்டு, கதவைத் திறந்து வைத்து, யாராவது வருகிறார்களா என்று தாழ்வாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அந்தக் காபியை அவர் ஒருவரே குடித்தார்.

தெற்கே இருக்கும் எந்தப் பழைய பல்கலைக்கழகமும் அவரை ஆய்வு மாணவியாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். போக மாட்டேன் என்றார். இங்கே முனைவர் பட்டம் கொடுக்கும் உரிமை வரட்டும், இங்கேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார். நாம் உரிமை கேட்டோம். தலைநகரிலிருந்து மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். ஆய்வுச் சூழல் போதாது, ஆட்கள் குறைவு என்றார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்த குன்வோர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆள் கம்மின்னு சொல்றதுக்கு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க. அப்படியே இங்கயே தங்கிடுங்களேன், கூடிடும்ல?"

சிரித்தார்கள். தங்கவில்லை. அடுத்த முறையும் மறுத்தார்கள். ஒருவழியாக உரிமை கிடைத்தபோது குன்வோருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. நம் துறையின் முதல் ஆய்வு மாணவியாக அவரே சேர்ந்தார். வகுப்புத் தோழர் என்று சொல்லிக்கொள்ளக்கூட அவருக்கு ஒருவர் கிடையாது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள் என்ன? மாலையில் தனியாகச் சாப்பிடும் முதியவர்கள். ஆற்றுக்கு மேலே, காட்டுக்குள், அடுத்த வீட்டு விளக்குகூடத் தெரியாத இடங்களுக்குத் தேடிப் போனார். அவர்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாதி ஆய்வில் நடந்த கருத்தரங்கில் அதை வைத்தே அவரை மடக்கினார்கள். நீங்கள் கூட உட்கார்ந்து சாப்பிட்டால், அவர்கள் தனியாகச் சாப்பிட்டதாக எப்படி ஆகும் என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதானே? போதாததற்குக் குன்வோரே அவர்களுக்கு இன்னொரு பிடியும் கொடுத்தார். ஈவார் என்று ஒருவர். மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினார்: "நீ வர்ற அன்னிக்கு மட்டுந்தான் உருளைக்கிழங்கத் தோலுரிச்சு வைக்கிறேன். மத்த நாள்ல தோலோடதான். எனக்கு ஒருத்தனுக்கு எதுக்கு?"

பார்த்தீர்களா, உங்களால் அவருடைய பழக்கமே மாறிவிட்டது, ஆய்வே கெட்டுவிட்டது என்றார்கள். குன்வோர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்தத் தோலுரிச்ச கிழங்குதான், ரூனே, என் ஆய்வே. எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. ஆய்வை நிலைநாட்டுற நாள் வரட்டும், சொல்றேன்."

மூன்று வாரங்களுக்கு முன் அவருடைய ஆய்வேட்டை, நம் நாட்டு வழக்கப்படி ஊரார் பார்க்க, வாசல் பலகையில் ஆணி அடித்து மாட்டினோம். இந்தத் துறை அதுவரை ஒரு ஆய்வேட்டையும் மாட்டியதில்லை. கேக் வாங்கியிருந்தோம், பலகை செய்திருந்தோம், சுத்தியல்கூட வைத்திருந்தோம். ஏட்டில் முன்கூட்டியே துளை போட வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. துணைவேந்தர் அடிக்க அடிக்க ஆணி வளைந்தது. குன்வோர் சிரித்துக்கொண்டே, "என் ஆய்வுல ஓட்டை போட எதிர்வாதி வருவாரு. புத்தகத்துல ஓட்டை நாமதான் போடணும்" என்றார். அவ்வளவு மகிழ்ச்சியாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவர் தம் வீட்டில், தனியாக இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது.

நண்பர்களே, நமக்கு அது எப்போது தெரிந்திருக்கும்? திங்கட்கிழமை வகுப்புக்கு வராதபோது தெரிந்திருக்கும். ஆனால் சனிக்கிழமை மாலை ஈவார் வீட்டில் சாப்பிட வருவதாக அவர் சொல்லியிருந்தார். ஈவார் கிழங்கை உரித்து, வேகவைத்து, இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்தார். கிழங்கு ஆறிப்போனது. தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அந்தக் கிழவர் பனியில் காரை ஓட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, குன்வோரின் கதவைத் தட்டினார். இத்தனை படித்தவர்கள் இருக்கிற ஊரில், குன்வோர் வரவில்லையே என்று தவித்தவர் அவர் ஒருவர்தான்.

பேராசிரியர் ஆல்ம்லோவ் அவர்களே! உங்கள் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: கருத்தரங்கில் கேட்ட அதே கேள்விதான். குன்வோருக்கும் தெரியும். அவருக்குப் பதிலாக நான் பதில் சொல்ல விதி இடம் தராது. எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஆனால் ஒன்று சொல்வேன். பட்டம் பெற்றவர் அன்று மாலை விருந்து வைப்பது நம் வழக்கம். குன்வோர் பழைய படைவீரர் உணவுக்கூடத்தை முன்பே பேசி வைத்திருந்தார். பேராசிரியர்களை அழைத்தாரா? உங்களையும் என்னையும் தவிர ஒருவரையும் அழைக்கவில்லை. தம் ஆய்வில் வரும் முதியவர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். அவர்கள்தான் இந்த முன்வரிசை.

இனி வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாழ்வாரத்தில் இருக்கப் போவது நான் ஒருவன்தான். அவருடைய அறையைத் தாண்டிப் போகவே பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்பதரைக் காபி நிற்காது. கதவு திறந்தே இருக்கும். அந்த ஆய்வேட்டை ஆணியிலிருந்து யாரும் கழற்ற மாட்டோம்; அடுத்தது அதன் பக்கத்திலேயே மாட்டப்படும். மாதம் ஒரு சனிக்கிழமை உணவுக்கூடம் திறக்கும். இந்தப் பெரியவர்களை நானே போய் அழைத்து வருவேன். இது குன்வோருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

விருந்தை ரத்து செய்யலாமா என்று கேட்க, முந்தாநாள் ஈவாருக்குத் தொலைபேசி செய்தேன். ரத்து என்ற பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இதைத்தான் கேட்டார்:

"எத்தன பேருக்கு உரிக்கணும்னு மட்டும் சொல்லுப்பா."

இந்த அரங்கு கொள்ளும் அளவுக்கு என்றேன். அதோ, பெரிய பானையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து வாருங்கள், சாப்பிடலாம்.