வாசனை இல்லை, இறங்கலாம்

எனக்குக் கடைசியாக ஜலதோஷம் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஐயா. மழையில் நனைய மாட்டேன், ஐஸ் தொட மாட்டேன். எல்லாம் தொழிற்சாலைக்காகத்தான். நான் தும்மினால் முந்நூறு பேருக்கு வேலை நின்றுவிடும்.

நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. இரும்பு உதிரிபாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க, அவற்றை ஒரு பெரிய தொட்டியில் முக்கி எடுப்போம். தொட்டியில் இருப்பது சால்வென்ட். பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். முகர்ந்தால் லேசான இனிப்பு. அதன் ஆவி அளவு மீறினால் தலை சுற்றும், நாக்குக் குழறும், நாள்பட்டால் ஈரல் கெடும். அடைத்த இடத்தில் தேங்கினால் ஆள் நின்ற நிலையிலேயே சாய்ந்துவிடுவான். இதையெல்லாம் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியவனே நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

மாதம் ஒருமுறை தொட்டியை வடித்துவிட்டு, ஒருவர் உள்ளே இறங்கி அடிச்சேற்றை வழிக்க வேண்டும். அதற்கு முன் காற்றை அளக்க ஒரு கருவி வைத்திருந்தோம். அது பழுதானபோது மேனேஜர், "உங்க மூக்கு இருக்கறப்ப மெஷின் எதுக்கு சார்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யார் பையில் ஆரஞ்சு மிட்டாய் இருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவேன். 'காக்காய்க்கு மூக்கில் வேர்த்த மாதிரி' என்று கேலி செய்தவர்கள்கூட அதன் பிறகு என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கம்பெனி என் மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுத்தது. ஆண்டு விழாவில் 'நம்பிக்கையின் நாசி' என்று பட்டம் கொடுத்துச் சட்டம் போட்டு மாட்டினார்கள். தினமும் காலையில் தொட்டி விளிம்பில் குனிந்து, வயிறு நிறைய இழுத்துப் பார்ப்பேன். நான் சரி என்றால்தான் வேலை தொடங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "பால் கருகி வீடே நாறுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்" என்றேன்.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வெங்காயம், மண்ணெண்ணெய், என் செருப்பு என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். உலகத்தையே யாரோ அலம்பிக் கவிழ்த்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. கொஞ்ச நாளாகக் கன்னமும் மரத்துக் கிடந்தது. ஈ உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்த்துத்தான் ஓட்டுவேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டத்தை என்ன செய்வது? அதனால் முறையைச் சற்று மாற்றிக்கொண்டேன். தொட்டி வேலையில் இருந்தவன் என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். குனிந்து இழுக்கும்போது ஓரக்கண்ணால் அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் மூக்கைச் சுளித்தால், "இன்னும் ஒரு மணி நேரம் போகட்டும்" என்பேன். இரண்டு வருஷம் இப்படியே ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவன் சாயங்காலங்களில் குடிக்காமலே தள்ளாடினான், சட்டைப் பித்தான் போடத் திணறினான். அக்காக்காரி கவலைப்பட்டாள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றேன்.

போன திங்கட்கிழமை தொட்டியை வடித்து அரை மணிகூட ஆகவில்லை. அவசர ஆர்டர். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "என்ன சார், மூக்குக்கு வயசாயிடுச்சா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார்.

குனிந்து இழுத்தேன். "வாசனை இல்லை, இறங்கலாம்."

மைத்துனன் என் காதருகே வந்தான். "அத்தான், இனிப்பா அடிக்குதே. தலைகூட கிறுகிறுங்குது."

"பட்டம் உனக்குக் குடுத்தாங்களா, எனக்குக் குடுத்தாங்களா?"

சிரித்துவிட்டான். நல்ல பையன், என் பேச்சைத் தட்டியதே இல்லை. ஏணியில் ஐந்து படி சரியாக இறங்கினான். மிச்சத்தை விழுந்துதான் கடந்தான்.

கிரேன் ஓட்டுகிறவர் ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். அந்தப் பதற்றத்திலும் விதியை மறக்காத மனிதர். என்னைப் பார்த்து, "சார், நான் இறங்கலாமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எனக்கு அப்போது தெரியும். மூக்குதான் போயிருந்தது. கீழே கிடப்பவனைப் பார்க்கக் கண் இருந்தது. ஆனால் இப்போது வேண்டாம் என்றால், சற்று முன் சொன்னது பொய்யாகிவிடும். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மறுபடியும் குனிந்தேன். அவசரப்படாமல், இரண்டு முறை இழுத்தேன்.

"இறங்கலாம்" என்றேன்.

இரண்டு பேரையும் மேலே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வாக்குமூலத்தை அவளுக்கும் படித்துக் காட்டுவீர்களாம். அதனால் ஒரே ஒரு திருத்தம் கேட்கிறேன். இரண்டு பேரையும் தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். எனக்கு வாசனை தெரியாது என்று எழுதிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவளாவது என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டிருக்கட்டும்.