வரி கட்டாத முழங்கால்

...மூணு மாசம் காலை அசைக்கக் கூடாதாம்! டாக்டருக்கென்ன, சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாரு. மூணு மாசம் எங்க வீட்டு அடுப்பு என்ன காத்துலயா எரியும்? கிளட்ச், சார், கிளட்ச்! துள்ளுது பாருங்க, ஓட்டறது காரா குதிரையா? பயப்படாதீங்க, பக்கத்துல நான் இருக்கேன்ல.

நான் என்ன பொறக்கும்போதே டிரைவிங் சொல்லிக்குடுத்துக்கிட்டா பொறந்தேன்? பாலம் கட்டற கம்பெனியில படம் வரையற வேலை, சார். ஏசி ரூம், சுத்தற நாற்காலி. ஒரு வருஷம் சம்பளத்தை ஏத்தினாங்க. வீட்டுக்காரிகிட்ட சம்பளச் சீட்டை நீட்டினா, அவ அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துட்டு, "ஏத்தினது எங்கங்க?"ங்கறா. வரியில போச்சு! சாமி வரம் குடுத்தும் பூசாரி குடுக்கல.

என் மச்சான் ஒருத்தன், டைல்ஸ் ஒட்டறவன். "கைக்குக் கை காசு மாமா, எவன் வந்து வரி புடிப்பான்?"னான். அப்படியே ஏறிடுச்சு எனக்கு. ஊர்ல எல்லாரும் எதுல வருமானம் அதிகம்னு பார்த்து வேலை தேடுவாங்க. நான் எதுல வருமானம் வெளிய தெரியாதுன்னு தேடினேன். புத்திசாலி! சமைக்கலாம்னா, நான் வெச்சதை நானே திங்க மாட்டேன். வண்டி ஓட்டத் தெரியும்... கண்ணாடியைப் பாருங்க சார், பின்னால பஸ்!

பதினோரு வருஷம். மாசம் நாப்பது பேரு வருவாங்க. வரி ஃபார்ம்ல மூணு பேருன்னு எழுதுவேன். படம் வரைஞ்ச கை இல்லையா, எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு தடவ வரி ஆபீசரே, "பாவம், இதுல எப்படிங்க குடும்பம் நடத்தறீங்க?"ன்னு டீ வாங்கிக் குடுத்தாரு. சிரிப்பை அடக்கிக்கிட்டு குடிச்சேன், சார்!

போன மாசம் ஒரு புண்ணியவான் பிரேக்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சான். சுவரு அப்படியேதான் இருக்கு, என் முழங்கால்தான் போச்சு. சரி, இன்சூரன்ஸ்ல மூணு மாச வருமானம் குடுப்பாங்களேன்னு போனேன். அங்க ஒரு பொண்ணு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுது. நான் குடுத்த வரி ஃபார்ம், என் எழுத்து! முத்து முத்தா! "மாசம் மூணு பேருதானே சார் உங்களுக்கு?"ங்குது. இல்லம்மா, நாப்பதுன்னு சொன்னா பதினோரு வருஷ வரி வாசல்ல வந்து நிக்கும். ஆமான்னு சொன்னா, அந்தக் காசு டாக்டருக்கே பத்தாது. ஆமான்னேன். யானை தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்குமாமே, அதுக்காவது தும்பிக்கை இருக்கு.

அதான், வலியோட வந்து உக்கார்ந்திருக்கேன்... சார், லாரி நிக்குது. சார், லாரி! பிரேக்கு, பிரேக்கு! ...அப்பாடா.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? என் பக்கத்து பிரேக்கா? அது நல்லாத்தான் இருக்கு. மிதிக்கத்தான் கால் வரல.

சார்... எங்க எறங்கறீங்க? நடு ரோடு சார் இது! ஓரமா நிறுத்திட்டாவது போங்க... சார்! என்னால ஓட்ட முடியாது, சார்!