எம்மெட்டின் துப்பாக்கியில் சாயக் குண்டு

— மாடு ஏன் நீலமா நிக்குது, ஓடெல்?

— குறி தப்பிடுச்சு, வெர்னா அண்ணி. அது ஒண்ணும் கோவிச்சுக்கல. பாலும் லேசா வானத்து நிறத்துல வருது.

— விளையாடாத. என் வீட்டுக்காரர் துப்பாக்கியக் கொடு, எடுத்துட்டுப் போறேன். அவரு போய் வருசம் திரும்பல, பசங்க விளையாடுற சாயக் குண்ட அதுல அடைச்சுக்கிட்டிருக்க.

— சனிக்கிழமை நம்ம சங்கம் அந்தக் காலத்துப் போர நடிச்சுக் காட்டுற சண்டை ஆட்டம் முடியட்டும், நானே கொண்டாந்து மாட்டுறேன். எம்மெட் அண்ணன் துப்பாக்கிக் குழாய்லதான் இந்தக் குண்டு அளவாப் போகுது.

— எதுக்கு இந்தக் கூத்து?

— ஆட்டத்துல நாம குண்டில்லாம வெறும் வெடிமருந்தத்தானே வெடிக்கிறோம்? எவன் மேல பட்டுச்சுன்னு யாருக்குத் தெரியும்? எதிரிப் படையில செஞ்சட்டை போட்டு நடிக்கிற ஹோமர் கல்யாணமான வருசத்துலேருந்து சாகவே இல்ல. மத்தவன் சாப்பாட்டு நேரம் பாத்து விழுறான்.

— உங்கண்ணன் மட்டும் என்னவாம்? நிழலாப் பாத்துத்தான் சாவாரு. மத்தவங்க எந்திரிக்கும்போது குறட்டை விட்டுக்கிட்டிருப்பாரு.

— ஆமா. ஓக் மரத்தடி அவருக்குன்னே விட்டிருந்தோம்.

— ஆள் மேல சுட்டா கண்ணு போயிடாதா?

— எல்லாரும் முகமூடி போடச் சம்மதிச்சாச்சு. ஹோமர் அதுமேல தாடி ஒட்டிக்கிறானாம்.

— சரி, சுடுதா அது?

— முதல்ல குழாய்க்குள்ளேயே உடைஞ்சு என் மீசை பச்சையாச்சு. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல சோளமாவு திணிச்சேன். இப்ப சுட்டா ரொட்டி வாசனை. நாய் போய் இலக்குக்கு முன்னாடி வாயத் தொறந்துக்கிட்டு உக்காருது. ஆனா இன்னிக்குக் காலையில குண்டு உடையாம முழுசாப் போய்ப் பட்டுச்சு. கொட்டகைச் சுவரப் பாருங்க, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

— எனக்குச் சிவப்பக் காட்டாத.

— அண்ணன் மேல சிவப்பே இல்லையே, அண்ணி.

— நெஞ்சு நின்னவர் மேல ஏது சிவப்பு? கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கு ஆட்டத்துல நீ அவரு பக்கத்துலதானே நின்ன? இதுவரைக்கும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்குறேன்.

— நடுவெயில்ல விழுந்தாரு, அண்ணி.

— வெயில்லயா? அவரா?

— துப்பாக்கியக் கூடப் பிடிக்காம, முகம் குப்புற. வேலிக்கு அந்தாண்ட இருந்த சனம் பூரா கைதட்டுச்சு. இப்படி ஒரு சாவு நம்ம சங்கத்துல யாரும் செத்ததில்லன்னு ஹோமர் தொப்பியக் கழட்டினான்.

— நீ என்ன பண்ணின?

— ஆட்டம் முடிஞ்சு கொம்பு ஊதுற வரைக்கும் விழுந்தவனத் தொடக்கூடாதுன்னு நம்ம விதி. மருந்து அடைச்சுக்கிட்டு அவரத் தாண்டிப் போனேன்.

— ...இப்ப ஹோமரச் சாகடிச்சு என்ன ஆகப்போகுது, தம்பி?

— ஹோமர் சாகாமலே கிடக்கட்டும். இனிமே எவனாவது மேல சாயமில்லாம விழுந்தா, கொம்புக்குக் காத்திருக்காம ஓடிப்போய்த் தூக்கணும் அண்ணி, அதுக்குத்தான்.