அருவிக்கு மேலே ஆளில்லை

ஆற்றுப் பயணத்தில் காபியை மட்டும் விட்டுவிடக் கூடாது. காங்கோவில் இருந்த நான்கு வருடமும் நான் ஒருநாள்கூட விட்டதில்லை. மற்றபடி எனக்கு ஆடம்பரம் எதுவும் கிடையாது.

நீங்கள் லுவெம்பே கிராமத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அருவிக்குக் கீழே முகாமிட்டிருந்தபோது, எங்களை அனுப்பிய புவியியல் சங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதி, ஊர் திரும்பிய நீராவிப் படகில் அனுப்பினேன். அருவிக்கு மேலே மனிதர் எவரும் வசிக்கவில்லை என்று அதில் இருந்தது. ஏறிப் பார்க்காமல் எழுதியதுதான். காலில் கொப்புளம், படகும் காத்திருக்காது.

பத்து நாள் கழித்து மேலே ஏறினோம். முதல் வளைவிலேயே அறுபது குடிசைகள்.

எலொங்கோ என் படகோட்டி, மொழிபெயர்ப்பதும் அவன்தான். "என்ன துரை, ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களாமே? அதோ, மீனுக்குப் புகை போட்டுக்கிட்டு நிக்கிறாளே, அவ எங்க அத்தை" என்று சிரித்தான்.

அந்த அத்தை மரவள்ளிக் களியும் மீனும் பரிமாறினாள். நான் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னாள். எலொங்கோ சிரிப்பை அடக்க முடியாமல் மொழிபெயர்த்தான்: "எங்களக் கண்டுபிடிக்க வந்தவரா இவரு? நாங்க எப்பய்யா தொலைஞ்சு போனோம்னு கேக்குறா."

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். மீன் நன்றாக இருந்தது, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசியுங்கள். சங்கத்துப் பெரியவர்கள் என்னை நம்பி வரைபடம் அச்சிடுவார்கள். அவர்களைத் தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. அறிக்கையோ கடலில் போய்க்கொண்டிருந்தது. கிராமம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் எங்களோடு வந்திருந்த சிப்பாய்களிடம் சொன்னேன். விருந்து நடக்கும்போது அந்தப் பேச்சை எடுப்பது மரியாதையல்ல. பதினான்கு துப்பாக்கிகள், காய்ந்த ஓலைக் கூரைகள். மாலைக்குள் முடிந்துவிட்டது. காட்டுக்குள் ஓடியவர்களை மூன்று நாள் தங்கித் தேடினோம். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

எலொங்கோ என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. "தப்பா எழுதிட்டேன்னு இன்னொரு கடுதாசி போடுங்க துரை. உங்கள யாரு அடிக்கப்போறா?"

நல்ல படகோட்டி. ஆனால் அவனும் அந்த ஊரில் பிறந்தவன். அவனை மட்டும் விட்டுவைத்தால் நியாயமாக இருக்காது.

என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். நாளைக்கே ஆளனுப்பி அருவிக்கு மேலே பார்க்கச் சொல்லுங்கள். நான் எழுதியதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை.