நிழலனின் கடைசி எபிசோட்

— சாகடிக்க வேணாங்கறியா?

— சாகட்டும். அவனை நல்லவனாக்கிச் சாகடிக்காதேங்கறேன், பாப்பா.

— அண்ணா, நாலு வருஷமா எழுதற சீரியல் இது. நாளைக்குக் காலைல கடைசி எபிசோட் ஷூட்டிங். டைரக்டர் நாலு தடவை கூப்பிட்டுட்டார். நீ வேலை முடிச்சு நேரா இங்க வந்து, நின்னுட்டே, வில்லன் திருந்தக் கூடாதுங்கறே.

— உட்கார எங்கே இடமிருக்கு? நாற்காலி பூரா பேப்பர்.

— கீழே தள்ளிட்டு உட்காரு. நிழலன் உன்னை என்ன பண்ணான்?

— ஊரையே இருட்டாக்கினவன் அவன். ஆஸ்பத்திரியில கரண்ட் போய் நாப்பது பேர் செத்தாங்க. இப்போ தன் உடம்பையே கரண்டாக்கி ஊருக்கு வெளிச்சம் குடுத்துட்டுச் சாகப் போறான்னு விளம்பரத்துல சொல்றாங்க. ஊர் ஜனங்க தெருவுல நின்னு அழுவாங்க. அவ்வளவுதானா?

— அதுக்கு முன்னாடி பன்னெண்டு எபிசோட் கிடந்து தவிச்சிருக்கான்ல.

— தவிச்சான், சரி. அந்த நாப்பது பேர்ல ஒருத்தர் வீட்டுக் கதவையாவது தட்டினானா? நான்தான்னு சொன்னானா? செத்துட்டா வேலை சுலபம் பாப்பா. அப்புறம் அவனை யார் கேள்வி கேக்கறது?

— நீ நிழலனைப் பத்திப் பேசலைண்ணா.

— அதை விடு.

— விட மாட்டேன். ஜெயில்ல இருந்து வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. என் சீரியலைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்னைக்கு மட்டும் என்ன?

— நான் துணைக்குப் போறேனே ஒரு அம்மா வீட்டுக்கு, கண்ணு தெரியாதவங்க. அவங்க யாருன்னு உன்கிட்டே சொன்னதில்லை.

— சொல்லு.

— என் வேன்ல அடிபட்டுச் செத்துப்போன அந்தப் பொண்ணோட அம்மா.

— அந்த வீட்டுக்கு எப்படிப் போனே?

— துணைக்கு ஆள் அனுப்பற ஆபீஸ்ல லிஸ்ட்டைக் காட்டினாங்க. அவங்க பேரைப் பார்த்ததும் மூடி வச்சுட்டேன். மறுநாள் நானே போய் அந்த வீடுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன். சர்க்கரையில ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு அவங்களுக்கு. கதவைத் திறந்து யாருப்பான்னு கேட்டாங்க. உண்மையைச் சொல்லத்தான் போனேன் பாப்பா. வாயில வேற பேரு வந்துடுச்சு.

— பதினாலு மாசமா அந்தப் பேர்லயேவா?

— மாத்திரை எடுத்துக் குடுப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். படி இறங்கும்போது என் தோளைப் பிடிச்சுக்குவாங்க. சாயங்காலமானா உன் சீரியல். திரையில என்ன நடக்குதுன்னு நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும். எழுதறது என் தங்கச்சின்னு ஒரு நாள் பெருமையில உளறிட்டேன்.

— சரி. அதுக்கும் கடைசி எபிசோடுக்கும் என்ன?

— நேத்து விளம்பரம் ஓடிச்சு. கேட்டுட்டு, 'இவனே திருந்திட்டான்னா, நானும் அந்த வேன்காரனை மன்னிச்சு விட்டுடலாம்னு பார்க்கறேன் தம்பி'ன்னாங்க. தட்டு கழுவிட்டிருந்தேன். பாதியில வச்சுட்டுக் கிளம்பிட்டேன்.

— நீ சந்தோஷப்பட வேண்டியதுதானே?

— எதுக்கு? எவனோ ஒரு நடிகன் மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு அழுவான், அதை வச்சு நான் மன்னிப்பு வாங்கிக்கணுமா? அது திருட்டு. எனக்கு வேணாம்.

— அப்போ நீயே போய்ச் சொல்லு.

— எதைச் சொல்ல? வேன் ஓட்டினது யாருன்னு கோர்ட்டே சொல்லிடுச்சு. சொல்லாதது வேற.

— அது என்னன்னு எனக்கும் தெரியும்.

— திடீர்னு குறுக்கே ஓடி வந்தாள்னு கோர்ட்டுக் கூண்டுல நின்னு சொன்னேன் பாப்பா. அவ ஓடவே இல்லை. ரோட்டோரமா குனிஞ்சு சைக்கிள் செயினை மாட்டிட்டிருந்தா. நான் போனைப் பார்த்துட்டே ஓட்டிட்டு வந்தேன். இடிச்சுட்டு நிறுத்தாம போயிட்டேன். அந்த அம்மா இன்னைக்கும் புலம்பறாங்க, 'பார்த்துப் போடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்காம ஓடிட்டாளே'ன்னு. செத்துப்போன பொண்ணைத் திட்டறாங்க. நான் வாயை மூடிட்டுக் கேட்டுட்டு உட்கார்ந்திருக்கேன்.

— அந்த வரி உன்னோடது இல்லைண்ணா.

— சொன்னது என் வாய்தானே.

— எழுதிக் குடுத்தது நான். நீ எழுத்தாளராச்சே, நம்பற மாதிரி எழுதும்மான்னு வக்கீல் சொன்னார். ராத்திரி பூரா உட்கார்ந்து நம்பற மாதிரி எழுதினேன். அதுக்கப்புறம் நான் எழுதின கெட்டவன் ஒவ்வொருத்தனுக்கும் தப்பிக்க ஒரு வழி தேடிட்டே இருக்கேன். சேனல்ல பாராட்டறாங்க, கெட்டவங்க மனசை உன்னை மாதிரி யாரும் எழுதறதில்லைன்னு.

— உன்னைக் குத்தம் சொல்ல நான் வரலை.

— நீ ஒரு தடவையாவது சொல்லியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.

— இங்க பாரு, அழாதே. அதென்ன, பலகையில எல்லா அட்டையும் எழுதியிருக்கு, கடைசி ஒண்ணு மட்டும் வெறுமையா இருக்கு?

— நிழலன் சாகற சீன். ஒரு வாரமா எழுதலை.

— நாளைக்கு ஷூட்டிங்னு சொல்றே. டைரக்டர்கிட்டே என்ன சொன்னே?

— கை வரலைன்னு சொன்னேன். வேற ஆளை வச்சு எழுதிக்கறேங்கறார்.

— நாலு வருஷ உழைப்பு பாப்பா. நான் வந்து சொன்னது இன்னைக்குத்தானே? ஒரு வாரமா ஏன் எழுதலை?

— போன வாரம் எனக்கு ஒரு போன் வந்துச்சு. சேனல்ல கேட்டு நம்பர் வாங்கியிருக்காங்க.

— யாரு?

— அந்த அம்மாதான். கோர்ட்டுல கேட்ட குரலாம்ணா, முதல் நாள் கதவைத் திறந்தப்பவே அடையாளம் தெரிஞ்சுடுச்சாம். 'என் பொண்ணு ஓடியிருக்க மாட்டா, அதை உங்கண்ணன் வாயால கேக்கணும்னுதான் அவன் காதுபட ஓடிட்டாளேன்னு புலம்பிக்கிட்டு, பதினாலு மாசமா அவன் தோளைப் பிடிச்சு நடக்கறேன், அவன் சொல்ற வரைக்கும் அந்தக் கதையை முடிச்சுடாதேம்மா'ன்னாங்க.