கொயினா போத்தலும் ஆறு பாட்டும்

ஜூபிலி மலருக்கு என் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குப் பசி வந்துவிடும். அதனால் சாப்பிட்டுவிட்டே தொடங்குகிறேன்.

மாத்தளையில் எங்கள் கோயிலில் முப்பது வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். பூசை லத்தீனில் இருந்தவரை என் பாடு கொண்டாட்டம்தான். யாருக்கும் ஒன்றும் புரியாது. அறுபத்தைந்தாம் ஆண்டில் பூசை தமிழுக்கு வந்தது.

"ராஜநாயகம் மாஸ்டர், புதுப் பாட்டுப் போடுங்க" என்றார் பங்குச் சாமியார்.

ஒரு வருடம் முக்கினேன். ஒன்றும் உருப்படவில்லை.

அப்போது இரத்தோட்டையிலிருந்து மரியாயி பாட்டுப் பழக வந்தாள். பதினெட்டு வயது, விரலெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கறை. பஸ்ஸில் வரும்போதே ஒரு மெட்டுக் கட்டிவிடுவாள். நான் அதை எழுதி, அடியில் என் பெயரைப் போடுவேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நானும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடத்தில் ஆறு பாட்டு. கண்டி வரை என் பெயர் பரவியது.

கெட்ட நேரம், கண்டி மடத்துச் சிஸ்டர்கள் அவள் குரலைக் கேட்டுவிட்டார்கள். தங்கவைத்துப் படிப்பிக்கிறோம் என்றார்கள். படித்தால் அடியில் உள்ள பெயரையும் வாசிப்பாளே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருடம் மலேரியா திரும்ப வந்தது. நாவுலைக்குக் கல்யாணத்துக்குப் போன மரியாயி காய்ச்சலோடு வந்தாள். தோட்டத்து மருந்துக்காரர் நோபர்ட், அவளுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பழைய கொயினா மருந்துப் போத்தலை என்னிடம் தந்தார்.

"காய்ச்சல் விட்டதும் நிப்பாட்டிடுங்க மாஸ்டர். மிஞ்சினா காது போயிரும்."

நல்ல மனுஷன், எதையும் விளக்கமாகச் சொல்வார்.

ஏழாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் நிப்பாட்டவில்லை. வகுப்புக்கு வரும்போதெல்லாம் தேன் கலந்து என் கையாலேயே கொடுத்தேன்.

"காதுக்குள்ள சில்வண்டு கத்துதுங்க மாஸ்டர்."

"பாட்டுக் கட்டுறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். குடிம்மா."

குடித்தாள். போத்தல் முடிவதற்குள் சில்வண்டும் அடங்கிவிட்டது. கண்டிப் பயணம் நின்றது. காய்ச்சல்தான் காதைத் தின்றது என்று நோபர்ட்டிடம் சொன்னேன்.

இப்போது ஞாயிறுதோறும் முன் பெஞ்சில் இருந்து என் விரல்களையே பார்க்கிறாள். போன வாரம் பூசை முடிந்து பக்கத்தில் வந்தாள்.

"முதல் பாட்டுல மூணாவது வரியில விரல் இடப்பக்கம் வரணுங்க மாஸ்டர். ரெண்டு வருசமா பிழையா வாசிக்கிறீங்க."

வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. திருத்திய பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். போத்தல் விஷயத்தைப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் என் மாணவி என்று மரியாயியின் பெயரை ஒரு மூலையில் கட்டாயம் போடுங்கள். நான் நன்றி மறக்கிற ஆள் இல்லை.