இருநூத்திப் பதினாலாம் இடம்

ரெண்டும் உசிரோட இருந்துச்சு ஹாஜியாரே, அதான் பிரச்சினையே! ஒண்ணு செத்திருந்தா இந்நேரம் கப்பல் தாஞ்சியர் துறைமுகத்த விட்டுக் கிளம்பியிருக்கும். இறங்க வேணாம்... கண்ணாடிய மட்டும் இறக்குங்க.

நான் மர்வான். மேல டிக்கெட் ஆபீஸ்ல, கம்ப்யூட்டர் ரூம்ல வேலை. பள்ளிக்கூடத்த விட்டு அஞ்சு மாசமாச்சு.

அங்க ரெண்டு சர்வர், பெரிய கம்ப்யூட்டருங்க. ஒண்ணு டிக்கெட் போடும், இன்னொண்ணு சும்மா இருக்கும். சும்மா இருக்கிறதுதான் அதுக்கு வேலை. மொதல்லது விழுந்தா, இது எந்திரிச்சு ரெண்டு நிமிஷத்துல வேலைய எடுத்துக்கும், ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா எந்த வண்டிக்கு எந்த இடம்ங்கிற பட்டியல் ரெண்டுகிட்டயும் கிடையாது. அது தனியா ஒரு டிஸ்க் பெட்டியில. ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அதுல எழுதணும். புரியுதா? தலையாட்டுனா போதும்.

யாரு உசிரோட இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? நடுவுல ஒரு வயரு. 'இருக்கியா?' 'இருக்கேன்.' 'இருக்கியா?' 'இருக்கேன்.' நாள் பூரா இதே பேச்சு. எங்க வீட்லகூட இவ்ளோ பேசிக்க மாட்டாங்க.

காலைல அந்த வயரு கழண்டுருச்சு. சும்மா இருந்தது, 'ஐயையோ, போய்ட்டான்'னு முடிவு பண்ணி டிக்கெட் போட ஆரம்பிச்சிருச்சு. அவன் எங்க போனான்? அவனும் அவன் பாட்டுக்குப் போட்டுட்டு இருக்கான். ரெண்டு பேரும் ஒரே பட்டியல்ல... எட்டு நிமிஷம்! ஒண்ணு எந்திரிக்கணும்னா மொதல்ல மத்ததோட கரண்ட்ட நிறுத்திட்டுத்தான் எந்திரிக்கணும், அப்படி வெச்சிரலாம்னு எங்க இன்ஜினியர் நுஜூத் மேடம் போன வருஷமே சொன்னாங்க. மேனேஜர் லாரூசி, 'கோடை முடியட்டும்'னாரு. எந்தக் கோடைன்னு சொல்லல.

கழண்டுச்சுன்னா... நான்தான் கழட்டுனேன். அப்படிப் பாக்காதீங்க. நேத்து மேட்ச்சோட கோலு பாக்க லேப்டாப்புக்கு ஒரு வயரு வேணும். அது பச்சையா மினுக்கிட்டு இருந்துச்சு, பெருசா எதுவும் செய்யற மாதிரி தெரியல.

மேடம் கத்தல. கத்தியிருக்கலாம். ஒண்ண நிறுத்திட்டு, பட்டியல ஒவ்வொரு வரியா பிரிச்சாங்க. எல்லாம் சரியாயிருச்சு, ஒரு நம்பரத் தவிர. இருநூத்திப் பதினாலு. ஆமா, உங்க கையில இருக்கே, அதான். உங்களுக்குப் பின்னாடி கூரைமேல கம்பளம் கட்டி நிக்கிறானே வேன்காரன், அவன் கையிலயும் அதேதான். கப்பல்ல இடம் ஒண்ணு. மத்தவரு திங்கக்கிழமை கப்பல்லதான் போகணும்.

ரெண்டாவது சர்வர் போட்டது செல்லாதுன்னுட்டாரு லாரூசி. ஏன் அதுன்னு கேட்டேன். ஏதாவது ஒண்ணச் சொல்லணும்லன்னாரு. உங்களுது ரெண்டாவது.

திங்கக்கிழமை காலைல பிரான்ஸ்ல, லியோன்ல டூட்டி, இல்லேன்னா வேலையே போயிரும்னு கவுண்டர்ல கெஞ்சுனீங்களே, நான் பின்னாடிதான் நின்னேன். வேன்காரன் என்னடான்னா, இன்னும் ஒரு வாரம் லீவு மிச்சம் இருக்குன்னு எல்லார்கிட்டயும் பீத்திட்டு நிக்கிறான்.

அட, கப்பலுக்குப் போற கேட்டத் தொறந்துட்டாங்க. எடுங்க வண்டிய. ஏன் ஒதுக்குறீங்க, நேரா போங்க! ஒதுங்கச் சொல்லிட்டு வான்னுதான் என்னை அனுப்புனாங்க, இருபது நிமிஷம் முன்னாடி. நான் எங்க சொன்னேன்?